சுருட்டும் சுதந்திரமும்

பல வருஷங்களுக்கு முன் ஒரு ரயில் பிரயாணத்தில், எதிர் ஆசனத்துக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்தார். எனக்கு அப்போது இருமல். "கொஞ்சம் அணைத்துவிடுங்களேன்" என்றேன். "நானும் டிக்கெட் வாங்கியவன்தான் ஸார், இது என் சுதந்திரம்!" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பெர்லின் நகரம் ஞாபகத்துக்கு வந்தது.

1848-க்கு முன் பெர்லின் தெருக்களிலே சுருட்டுப் பிடிப்பது குற்றம். வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதித் தள்ளலாம்; வாசற்படியைத் தாண்டினால் போலீஸ்காரன் வந்துவிடுவான். நெருப்புப் பயம் என்றது சர்க்கார். ஜனங்களோ அதில் போலீஸ் மிடுக்கைத்தான் கண்டார்கள். அந்த வருஷம் மார்ச் 18-ந் தேதி புரட்சி வெடித்தது; 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது லிக்நோவ்ஸ்கி என்ற பிரபு அரண்மனை முன் ஒரு மேஜைமீது ஏறி, அரசர் எல்லாக் கோரிக்கைகளுக்கும் இணங்கிவிட்டார் என்று அறிவித்தாராம். சுருட்டுப் பிடிக்கவுமா என்று கூட்டத்தில் ஒரு குரல். ஆம் என்றார். டீர்கார்ட்டன் பூங்காவிலுமா? அங்கேயும்தான்! இப்படி ஒரு கதை சொல்வார்கள். தடை நீங்கியது என்னவோ நிஜம்.

வேடிக்கையைப் பாருங்கள். அதே வருஷம் ஜனவரியில், இத்தாலியிலுள்ள மிலான் நகரத்து மக்கள் சுருட்டையே துறந்தார்கள். புகையிலை வரி ஆஸ்திரிய சர்க்காரின் கஜானாவுக்குப் போயிற்று என்பதுதான் காரணம். ஆஸ்திரியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே தெருவில் சுருட்டோடு திரிந்தார்கள். கைகலப்பு, கொலை. அங்கும் புரட்சி மூண்டது மார்ச் 18-ந் தேதியே! ஆனால் அரசியல் தெரியாத ஓர் அப்பாவி மிலான்காரன் சுருட்டோடு வெளியே வந்திருந்தால்? அவன் வாயிலிருந்ததைத் தட்டிவிட்டவர்களும் சுதந்திர வீரர்கள்தான். இந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம் தேசத்தில், 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகை பிடிப்பதைத் தடுத்தபோது, பக்கத்திலிருப்பவனின் உயிர் வாழும் உரிமையை எடுத்துக் காட்டியது. 2003-ம் வருஷத்துச் சட்டமோ திறந்த வெளியைப் பொது இடக் கணக்கில் சேர்க்கவில்லை. பெர்லின் சட்டத்துக்கு நேர் தலைகீழ்! அங்கே கட்டடத்துக்குப் பயந்தார்கள். இங்கே அடுத்தவனுடைய நுரையீரலுக்கு.

ரயில் ஆசாமியிடம் இவ்வளவும் நான் சொல்லவில்லை. இருமினேன், அவ்வளவுதான். அவர் முணுமுணுத்துக்கொண்டே கதவோரம் போய் நின்று குடித்துவிட்டு வந்தார். உட்கார்ந்ததும், "ஸாருக்கு எந்த ஊர்?" என்று விசாரித்தார்.