கான்டன் மழையில் சுடாத துப்பாக்கிகள்

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். எஸ்.எல்.ஆர். ரைஃபிளில் தோட்டா வெடிக்கவில்லை என்று ஒரு ஜவான் வந்து நின்றால், முதலில் அந்தத் தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரில் ஃபயரிங் பின் நன்றாக ஆழக் குத்தியும் வெடிக்கவில்லையென்றால் தோட்டாவின் மேல் சந்தேகம். குழி மேலாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின் ஓடும் துளையில் அழுக்கு அடைத்திருக்கும். ஆளைக் குறை சொல்வதெல்லாம் கடைசியில்தான். அந்தப் பழக்கத்தில் ஊறியவனாகத்தான் 1841-இல் சீனாவில் போரிட்ட 37-ஆம் சென்னை சுதேசிக் காலாட்படையின் கதையையும் படித்தேன்.

அவர்கள் கையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. தோட்டா என்றால் காகிதப் பொட்டலம். உள்ளே ஈயக் குண்டும் கருமருந்தும். சிப்பாய் அதைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணியில் போடுவார். மீதியைக் குழாயில் கொட்டிக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவார். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் மோதும், பொறி கிண்ணியில் விழும், அந்த நெருப்பு ஒரு துளை வழியே உள்ளே போகும். கல் மழுங்கினால் சுடாது. துளை அடைத்தால் கிண்ணி மட்டும் பற்றி அணையும். மழை பெய்தால் மருந்து கூழாகிவிடும். எப்பேர்ப்பட்ட வீரனாக இருந்தாலும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மாற்று வழி கண்டவர் ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார், அலெக்சாண்டர் ஃபோர்சைத். கிண்ணியில் மின்னும் நெருப்பைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்பது அவருடைய வேட்டைக் கவலை. அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு விசை செய்து 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னால் வந்தவர்கள் அந்த ரசாயனத்தைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். நம் பிள்ளைகள் தீபாவளிக்கு அடிக்கும் பொட்டு வெடி மாதிரிதான்: அடி விழுந்தால் நெருப்பு. ஈரம் எளிதில் அண்டாது. இன்றைய பிரைமருக்கு அதுவே மூதாதை.

1834-இல் வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் இரண்டு வகையையும் எல்லாப் பருவநிலையிலும் சுட்டுப் பார்த்தது. வகைக்கு 6,000 சூடு. கல் துப்பாக்கி 922 முறை ஏமாற்றியது. தொப்பித் துப்பாக்கி 36 முறை. இதற்கு மேல் ஒரு ஆர்மரருக்கு என்ன சான்று வேண்டும்?

அதன் பிறகும், ஏழு ஆண்டு கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களைக் கல் துப்பாக்கியோடுதான் கான்டனுக்கு அனுப்பியிருந்தது. அபினி விற்பதற்காக நடந்த போர் அது. அதில் சென்னைப் படைக்காரருக்கு எந்த லாபமும் இல்லை. மே 30 அன்று, கான்டனை அடுத்த சான்யுவான்லி ஊர் மக்கள் தங்கள் மண்ணைக் காக்க ஈட்டியும் வாளுமாகத் திரண்டார்கள். புழுக்கமான பகல் திடீரென்று இடியும் பெருமழையுமாக மாறியது. சுமார் 60 சிப்பாய்களைக் கொண்ட ஒரு கம்பெனி வயல்களுக்கிடையே வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டது. விசையை இழுத்தால் எதுவும் பற்றவில்லை.

அவர்கள் ஓடவில்லை. சதுரமாக அணிவகுத்து, பயனெட்டை நீட்டி நின்றார்கள். தலைப்பாகையின் உள்துணி மட்டும்தான் நனையாமல் இருந்தது. அதைக் கிழித்துச் சில துப்பாக்கிகளின் குழாயைத் துடைத்து உலர்த்திச் சுட்டார்கள் என்று அந்தப் போரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. கொட்டும் மழையில், சுற்றிலும் ஈட்டிகள் நெருங்கும்போது, கோளாறு எங்கே என்று கண்டு கையில் இருந்ததை வைத்துச் சரிசெய்தவர்கள் அவர்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய வேலையை நான் கேள்விப்பட்டதில்லை.

இருட்டிய பிறகு தேடி வந்து மீட்டவர்கள் பிரிட்டிஷ் மரைன்கள். அவர்களிடம் தொப்பித் துப்பாக்கி இருந்தது. அதே மழையில் அது சுட்டது. ஒரே படையெடுப்பில் மரைன்களுக்கு ஒரு துப்பாக்கி, நம்மவருக்கு வேறொன்று.

சான்யுவான்லி மக்களுக்குக் குவாங்சோவில், அதாவது அன்றைய கான்டனில், நினைவிடம் இருக்கிறது, அது நியாயம். 37-ஆம் படையின் சிப்பாய்களை, தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகக் கலந்து நின்றவர்களை, இங்கே யாரும் நினைப்பதில்லை. சென்னை மாகாண ராணுவத் துறைப் பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இளம் ஆய்வாளர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, அந்தக் கம்பெனியில் இருந்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்துத் தமிழில் அச்சிட வேண்டும்.