படமாக நின்ற சமன்பாடு

மலர்க் குழுவினர் "ஏதாவது சரித்திரக் கட்டுரை கொடுப்பா" என்றார்கள். ராஜாக்கள் கதை எனக்கு வராது. இணையத்துக்குக் கணிதம் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் தெரியும், அதைச் சொல்கிறேன்.

வலைப்பக்கம் பிறந்தது ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வுக்கூடத்தில். 1989-ல் அதற்கான யோசனையை எழுதிக் கொடுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுற்றிலும் இயற்பியல் விஞ்ஞானிகள்! ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வர்க்கமூலம் போடக்கூட வழி இல்லை.

அச்சில் இந்தப் பிரச்னை அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. 1977-ல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் புத்தகத்தின் புரூஃபைப் பார்த்து, எழுத்துக்கள் பிடிக்காமல், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத உட்கார்ந்துவிட்டார். அதுதான் 'டெக்'. காசு கேட்காமல் ஊருக்கே கொடுத்தார். (அதன் பதிப்பு எண் 3.14, 3.141 என்று பையை நோக்கியே நகரும். 2021-ல் 3.141592653. மனிதருக்குக் குறும்பு!) 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன் மேல் 'லேடெக்' கட்டினார். 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆவணக் களஞ்சியத்தில் விஞ்ஞானிகள் டெக் கோப்பையே அனுப்பிப் பகிர்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சியாளருக்குக் கவலை விட்டது. பிரவுசர் மட்டுமே வைத்திருக்கிற மாணவன் கதி?

வாத்தியார்கள் ஒரு வழி பண்ணினார்கள். ஒவ்வொரு சமன்பாட்டையும் சின்னப் படமாக்கிப் பாடத்தின் நடுவே ஒட்டினார்கள். டயல்-அப் காலத்தில் அது மெள்ள மெள்ள இறங்கும், பெரிதாக்கினால் கலங்கும், நகலெடுத்தால் வராது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், சமன்பாடு வந்ததும் "படம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். சமன்பாடு போன பிறகு கணக்குப் பாடத்தில் என்ன மிச்சம்?

1995-ல் ஹெச்டிஎம்எல் 3.0 வரைவில் கணிதக் குறிகள் இருந்தன. 1997 ஜனவரியில் தரமாக வந்த 3.2-ல் காணோம். 1998 ஏப்ரலில் தனித் தரமாகவே 'மேத்எம்எல்' வந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. பிரவுசர் கம்பெனிகள் அசையணுமே! மோசில்லாக்காரர்கள் ஆரம்பத்திலேயே சேர்த்தார்கள். குரோம் 2013 ஜனவரியில் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். கணக்குக்குச் சந்தை இல்லை என்பதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இடையில் கைகொடுத்தது 'மேத்ஜாக்ஸ்'. கணிதப் பேராசிரியர் டேவிட் செர்வோன் முன்பு எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. அமெரிக்கக் கணிதக் கழகமும் துணை நின்றது. முதல் பதிப்பு 2010-ல். ஆசிரியர் லேடெக்கில் எழுதினால் போதும், எந்த பிரவுசரிலும் எழுத்தாகவே தெரியும். இதுவும் இலவசம்தான். பிறகு ஸ்பெயினின் இகாலியா நிறுவனத்தார் உழைப்பில் 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில், குரோமுக்கே மேத்எம்எல் திரும்பி வந்தது. 1998-லிருந்து எண்ணிப் பாருங்கள், 25 வருஷம்.

நம் ஜூனியர்களுக்குள் கணக்கு நோட்ஸ் இப்போதும் போனில் எடுத்த படமாகத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்ம செட்டில் லேடெக் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்து போடலாமா? மாத்ஸ்-2 நான் எடுத்துக்கொள்கிறேன்.