இரு தேசங்கள் உரிமை கோரிய ஆட்டக்காரர்
ரசீத் மெக்லூஃபியின் விளையாட்டு வாழ்க்கை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசியல் வரலாற்றாசிரியரோ விளையாட்டைப் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவிடுகின்றார். இவ்விரு போக்குகளாலும் விடுபட்டுப்போகும் செய்திகள் பல. குடியேற்றநாட்டு ஆட்சியின் கீழ்ப் பிறந்த ஓர் ஆட்டக்காரர் ஆளும் நாட்டின் கழகத்துக்கு விளையாடச் செல்லும்போது, அவரது திறமை யாருக்கு உரியது என்ற வினா எழுகின்றது. ஐரோப்பியக் கழகங்களுக்கு ஆடிய ஆபிரிக்க உதைபந்தாட்ட வீரருள் இவ்வினாவை மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர் அல்ஜீரியரான ரசீத் மெக்லூஃபி ஆவார். அவரது வாழ்க்கையை அதன் அரசியற் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெக்லூஃபி 1936 ஆகஸ்ட் 12ஆம் திகதி கிழக்கு அல்ஜீரிய நகரான செற்றிஃபில் பிறந்தார். அல்ஜீரிய வரலாற்றில் அந்நகரின் பெயர் குருதியால் எழுதப்பட்டதாகும். 1945 மே 8ஆம் திகதி ஐரோப்பா போர் வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில், செற்றிஃபில் ஊர்வலமாகச் சென்ற அல்ஜீரியர் தம் தேசியக் கொடியை உயர்த்தினர். காவற்படையினர் சுட்டனர். தொடர்ந்த கலகத்தில் ஏறத்தாழ நூறு ஐரோப்பியர் உயிரிழந்தனர். அதற்குப் பழிவாங்கப் பிரெஞ்சுப் படைகள் மேற்கொண்ட நடவடிக்கைகளில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் கொல்லப்பட்டனர். அப்போது மெக்லூஃபிக்கு வயது எட்டு. தேசியத் தலைவர் ஃபர்ஹாத் அப்பாஸ் மருந்தகம் நடத்தி வாழ்ந்ததும் இந்நகரிலேயே. அக்காலத்தில் அல்ஜீரிய முஸ்லிம் மக்கள் தமக்கெனத் தனிக் கழகங்களை அமைத்துக்கொண்டிருந்தனர். அரசியற் கூட்டங்கள் கண்காணிக்கப்பட்ட சூழலில், கழகத்தின் பெயரிலும் நிறத்திலும் தேசிய உணர்வு உறைவிடம் கண்டது. செற்றிஃபின் அத்தகைய கழகமொன்றிலேயே மெக்லூஃபி ஆடப் பழகினார்.

வட ஆபிரிக்க வீரர் பிரான்சுக்குச் செல்வது அப்போது புதிய செய்தியன்று. மொரோக்கோவைச் சேர்ந்த லார்பி பென் பாரக் 1938இலேயே மார்செய் கழகத்தில் இணைந்து, பின்னர் பிரெஞ்சுத் தேசிய அணியிலும் ஆடிப் புகழெய்தியிருந்தார். அல்ஜீரியரின் நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. அல்ஜீரியாவைப் பிரான்சு தனது மண்ணின் பகுதியாகவே கருதியது. எனவே சட்டத்தின் பார்வையில் அல்ஜீரிய வீரர் அந்நியர் அல்லர். 1955இன் பின் பிரெஞ்சுக் கழகங்கள் வெளிநாட்டு வீரரைப் புதிதாக வரவழைப்பது தடைசெய்யப்பட்டபோதும் அத்தடை அவர்களைத் தீண்டவில்லை. சொந்த மண்ணில் முழுக் குடியுரிமை மறுக்கப்பட்ட ஒருவர், ஆடுகளத்தில் முழுப் பிரெஞ்சுக்காரராக ஏற்கப்பட்டார். இம்முரண்பாடே பின்னர் நிகழ்ந்தவற்றின் வித்து எனலாம்.

1954ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதில், மெக்லூஃபி சென்ற் எற்றியேன் கழகத்தில் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம் அது. பயிற்றுநர் ஷான் ஸ்னெல்லா இளைஞரின் திறனை விரைவில் இனங்கண்டார். அவ்வாண்டு நவம்பர் முதலாம் திகதி தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கிற்று. ஆகவே அவரது தொழின்முறை வாழ்க்கையும் அல்ஜீரியப் போரும் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்கின. 1957இல் சென்ற் எற்றியேன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சு லீக் சாம்பியன் ஆனது. மெக்லூஃபி பிரெஞ்சுத் தேசிய அணிக்கும் நான்கு ஆட்டங்களில் ஆடினார். கட்டாய இராணுவ சேவையில் இருந்தபோது, 1957இல் புவெனஸ் அயர்சில் உலக இராணுவக் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சு அணியிலும் இடம்பெற்றார். தம் ஊரவரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த ஓர் இராணுவத்தின் சீருடையில் அவர் கிண்ணம் ஏந்தினார் என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

1958 ஏப்பிரல் நடுப்பகுதியில் பிரான்சின் விளையாட்டுப் பத்திரிகைகள் வியப்பில் ஆழ்ந்தன. அல்ஜீரிய வீரர் ஏறத்தாழப் பத்துப் பேர் தம் கழகங்களை விட்டு இரகசியமாக மறைந்து, ரியூனிஸ் நகரில் தோன்றினர். இதனைத் திட்டமிட்டவர் முன்னாள் வீரரான முகம்மது பூமெஸ்ராக் ஆவார். மொனாக்கோவின் முஸ்தஃபா ஸித்தூனி, அப்துல் அஸீஸ் பென் திஃபூர் போன்ற முன்னணி வீரர் இக்குழுவில் இருந்தனர். மெக்லூஃபியை அழைத்துச் செல்ல வந்தோர் லியோன் வீரர் கெர்மாலியும் அரிபியும் ஆவர். முன்தின ஆட்டத்தில் காயமுற்றிருந்த அவர், அவர்களுடன் சுவிற்சர்லாந்து எல்லையைக் கடந்து இத்தாலி வழியாக ரியூனிஸ் சென்றடைந்தார். றெய்ம்ஸ் கழகத்தின் மாவூஷ் உட்பட இருவர் வழியில் பிடிபட்டனர். ஏனையோர் ஒப்பந்தத்தை முறித்தவர்கள். சேவையிலிருந்த மெக்லூஃபியோ போர்க்காலத்தில் படையை விட்டு ஓடியவர் என்ற குற்றத்துக்கும் ஆளானார்.

அவர்கள் துறந்தவற்றை நினைத்துப் பார்த்தல் தகும். இரு மாதங்களில் சுவீடனில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கவிருந்தது. ஸித்தூனியும் மெக்லூஃபியும் பிரெஞ்சு அணியில் இடம்பெறுவர் என எதிர்பார்க்கப்பட்டது. அவர்களின்றியே சென்ற அவ்வணி மூன்றாம் இடத்தைப் பெற்றது. இருபத்தொரு வயதில் ஓர் ஆட்டக்காரர் இழக்கக்கூடியவற்றுள் இதனினும் பெரிதொன்று இல்லை.

ரியூனிசில் உருவான அணிக்கு நாடு இருக்கவில்லை. கொடியும் கீதமும் இருந்தன. ஆட்டத்துக்கு முன் அல்ஜீரியக் கொடி ஏற்றப்படுவதும் ‘கசாமன்’ என்ற கீதம் இசைக்கப்படுவதும் கோலைவிட முதன்மை பெற்றன. பிரெஞ்சுச் சம்மேளனத்தின் முறைப்பாட்டின்பேரில், இவ்வணியுடன் ஆடும் நாடுகள் தண்டிக்கப்படும் எனச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் எச்சரித்தது. அதனால் எதிரணிகள் பல வேளைகளில் நகர அணி, தொழிற்சங்க அணி முதலிய பெயர்களில் களமிறங்கின. வட ஆபிரிக்கா, மேற்காசியா, கிழக்கு ஐரோப்பா, சோவியத் ஒன்றியம், சீனா, வட வியற்நாம் எனப் பல நாடுகளில் இவ்வணி நான்கு ஆண்டுகள் ஆடியது. ஹோ சி மின்னும் சூ என்லாயும் அதனை வரவேற்றனர். 1961இல் யூகோசிலாவிய அணியை 6-1 என அது வென்றமை, பரப்புரைக்காக மட்டும் திரட்டப்பட்ட கூட்டம் இதுவன்று என்பதற்குச் சான்றாகும்.

எனினும் வேறொரு பக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பிரான்சில் ஆடிய அல்ஜீரியர் அனைவரும் சென்றாரல்லர். குடும்பம், வயது, அச்சம், வாய்ப்பின்மை என அவரவர்க்குக் காரணங்கள் இருந்தன. தங்கியோர் யாவரும் தேசத்தை மறந்தவர் எனக் கொள்வது வரலாற்று நேர்மையாகாது. சென்றோரும் சிறந்த எதிரணிகளைத் தொடர்ந்து சந்திக்கும் வாய்ப்பை இழந்து, தமது ஆற்றலின் நல்லாண்டுகளை ஈடாகக் கொடுத்தனர்.

1962 யூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. போராளியின் கதை இவ்விடத்தில் முடிவதே பலருக்கு உகந்ததாக இருக்கும். மெக்லூஃபியின் வாழ்க்கையிலோ மிகக் கடினமான பகுதி இதன் பின்னரே தொடங்குகின்றது. ஜெனீவாவின் சேர்வெற் கழகத்தில் ஸ்னெல்லாவின் கீழ்ச் சிறிது காலம் ஆடிய அவர், அவ்வாண்டின் இறுதியில் தாம் விட்டோடிய சென்ற் எற்றியேனுக்கே திரும்பினார். பல இலட்சம் ஐரோப்பியர் அல்ஜீரியாவை விட்டுப் பிரான்சுக்கு வந்திறங்கிய ஆண்டு அது. போரிற் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிரெஞ்சுக் குடும்பங்களும் பலவாக இருந்தன. கழகத் தலைவர் றோஷே இதன் ஆபத்தை அறிந்தே அவரை அழைத்தார். தாம் மீண்டும் களமிறங்கிய நாளில் அரங்கு மௌனத்தில் உறைந்திருந்ததாகவும், முதற் பந்தைக் கையாண்டதும் அம்மௌனம் கரவொலியாக மாறியதாகவும் மெக்லூஃபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவ்வேளை கழகமும் வீழ்ந்திருந்தது. 1962இல் பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்ற அதே பருவத்தில் அது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. மெக்லூஃபி வந்தபின் 1963இல் இரண்டாம் பிரிவிலும், மறு ஆண்டே முதற்பிரிவிலும் சாம்பியன் ஆனது. 1967, 1968 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றி தொடர்ந்தது. 1968 மே 12ஆம் திகதி, பாரிஸ் மாணவர் கிளர்ச்சியால் கொந்தளித்துக்கொண்டிருக்கையில் நடைபெற்ற கிண்ண இறுதியாட்டத்தில் போர்தோ அணியைச் சென்ற் எற்றியேன் 2-1 என வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் மெக்லூஃபியே. அக்கழகத்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டங்களுள் அது ஒன்று.

இங்கு இரு கூற்றுகளை ஒப்புநோக்குதல் பயனுடையது. அல்ஜீரிய இடைக்கால அரசின் முதற் தலைவரான ஃபர்ஹாத் அப்பாஸ், இவ்வீரர்கள் விடுதலைப் போராட்டத்தைப் பத்து ஆண்டுகள் முன்னகர்த்தினர் எனக் கூறியதாக வழங்கிவருகின்றது. கிண்ணத்தை வழங்கிய ஜனாதிபதி சார்ல்ஸ் டி கோல், “பிரான்சு என்பது நீங்களே” என அவரிடம் கூறியதாகவும் சொல்லப்படுகின்றது. இரண்டும் பாராட்டுகளே, இரண்டும் உரிமைக் கோரிக்கைகளும் ஆகும். அல்ஜீரியத் தேசிய வரலாறு 1962இன் பின்னான சென்ற் எற்றியேன் ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுகின்றது. பிரெஞ்சு விளையாட்டு வரலாறு இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை ஓர் இளைஞரின் இடைவெளியாகக் காட்டி, நல்லிணக்கத்தை முன்னிறுத்துகின்றது. அவரோ இரண்டையும் ஒருங்கே வாழ்ந்தார். பிரெஞ்சு அரசின் ஆதிக்கத்தை மறுத்தவர், பிரெஞ்சு நகரொன்றின் தொழிலாளர் மக்களை வெறுக்கவில்லை. அரசு வேறு, மக்கள் வேறு என்ற தெளிவு அவரது செயல்களிலேயே காணக்கிடக்கின்றது.

இவ்வினா அவரோடு முடிந்துவிடவும் இல்லை. மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ, தம் தாயகத்தில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1966இல், போர்த்துக்கல் அணிக்காக உலகக் கிண்ணத்தில் ஒன்பது கோல்கள் அடித்தார். 1967இல் சுதந்திர மாலியிலிருந்து சென்ற் எற்றியேனுக்கு வந்து மெக்லூஃபியுடன் ஒரு பருவம் ஆடிய சலிஃப் கெய்ற்றாவின் அனுபவம் நேர்மாறானது. 1972இல் மார்செய் கழகத்துக்கு மாறிய அவர், வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டின் காரணமாகப் பிரெஞ்சுக் குடியுரிமை பெறுமாறு வற்புறுத்தப்பட்டார். அதற்கு இணங்காது 1973இல் ஸ்பெயினுக்குச் சென்றார். முன்னவரைக் கேளாமலே பிரெஞ்சுக்காரர் ஆக்கிய சட்டம், பின்னவர் கேட்டு ஆகவேண்டும் என எதிர்பார்த்தது. விதி மாறினும், வீரரின் திறனுக்கேற்ப அவரது அடையாளத்தை வளைக்கும் வழக்கம் மாறவில்லை.

ஓய்வுக்குப் பின் மெக்லூஃபி அல்ஜீரிய அணியின் பயிற்றுநராகப் பலமுறை பணிபுரிந்தார். 1975இல் அல்ஜியேர்சில் நடந்த மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவரது அணி பிரான்சை 3-2 என வென்றது. 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியை 2-1 என அல்ஜீரியா வீழ்த்தியபோது, காலெஃபுடன் பயிற்சிப் பொறுப்பில் அவரும் இருந்தார். 2024 நவம்பர் 8ஆம் திகதி தமது 88ஆம் வயதில் அவர் காலமானார்.

தொகுத்து நோக்குமிடத்து, 1958இன் புறப்பாட்டுக்குத் துணிவு வேண்டியிருந்தது. 1962இன் மீள்வருகைக்கும் அதே அளவு துணிவு வேண்டியிருந்தது. முதலாவதை மட்டும் கொண்டாடுவோர் அவரைக் கொடியாக்கிவிடுகின்றனர். இரண்டாவதை மட்டும் கொண்டாடுவோர் கிண்ணமாக்கிவிடுகின்றனர். இரு முறையும் முடிவெடுத்த மனிதராக அவரை நோக்குவதே வரலாற்று மாணவர் அவருக்குச் செய்யக்கூடிய நீதியாகும்.