கைவிடாத நகரம்



ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரத்தின் தெருக்களில் நீங்கள் நடந்தால், ஒரு விசித்திரமான குறி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கொடியிலும் சாக்கடை மூடியிலும் அதுவே. முதலில் 'நோ' என்னும் எழுத்து, நடுவே 8 என்ற இலக்கம்போல் முறுக்கிய நூற்கழி, கடைசியில் 'தோ'. ஸ்பானிய மொழியில் நூற்கழியை 'மதேஹா' என்பர். சேர்த்து வாசித்தால் 'நோ மதேஹா தோ'. செவிக்கு அது 'நோ மே ஆ தெஹாதோ' என்றே ஒலிக்கிறது; 'என்னைக் கைவிடவில்லை' என்பது அதன் பொருள்.

யார் யாரைக் கைவிடவில்லை? ஞானி என்று பெயர்பெற்ற பத்தாம் அல்போன்சோ 1252இல் கஸ்தீலியாவின் அரசரானார். 1275இல் மூத்த குமாரன் மரித்தபின், பட்டம் பேரனுக்கா, இளைய குமாரன் சாஞ்சோவுக்கா என்ற வழக்கு எழுந்தது. 1282இல் சாஞ்சோ கலகம் செய்தான். பிரபுக்களில் பெரும்பாலோரும், பட்டணங்களில் பலவும் அவன் பக்கம் சாய்ந்தன. செவில் சாயவில்லை. அந்த உண்மைக்கு நன்றியாக அரசர் தந்ததே இந்தக் குறி என்பது நகரத்தாரின் மரபுக்கதை. இது வெறும் முடிச்சின் அடையாளமே என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. கதை நிச்சயமில்லாதது, கலகமோ சரித்திரம்.

இதை வாசிக்கையில் அப்சலோமுக்குத் தப்பியோடிய தாவீதும், அவரைவிட்டுப் பிரியாத அந்நியனாகிய ஈத்தாயும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாவீது தன் குமாரனுக்காகக் கதறி அழுதார். அல்போன்சோவோ தம் மரண சாசனத்தில் குமாரனைச் சபித்தார். கைவிடப்பட்ட நெஞ்சு எவ்வளவு கசந்துபோகும் என்பதை, எல்லாரும் விலகிப்போன விசாரணை நாளைப்பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரிகளோடு வைத்துப் பாருங்கள். அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கும்படியே பவுல் வேண்டிக்கொள்கிறார். கர்த்தர் தம்மருகே நின்றதை அவர் அறிந்திருந்தார்.

நகரத்தின் கேடயச் சின்னத்தில் அல்போன்சோ இல்லை. கையில் பட்டயத்தோடு சிங்காசனத்தில் வீற்றிருப்பவர் அவருடைய தகப்பன் மூன்றாம் பெர்னாந்து. இருபுறமும் செவிலின் பேராயர்களாயிருந்த சகோதரர் லெயாந்தர், இசிதோர். 1248இல் பெர்னாந்து இந்நகரைப் பிடித்தபோது, இங்கே வாழ்ந்த இஸ்லாமியக் குடிகள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. உண்மைக்குப் புகழ்பெற்ற நகரத்தின் கேடயத்தில் அவர்களைப்பற்றி ஓர் எழுத்தும் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

அல்போன்சோ 1284இல் செவிலிலேயே மரித்தார். அந்நகரத்துப் பேராலயத்தில் தகப்பனோடு அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். சாபத்தை மீறி அரசனான சாஞ்சோவின் கல்லறையோ தூரத்துத் தொலேதோவில் இருக்கிறது.