தனித்த சூரிய மின்னமைப்பு: வடகோளக் குளிர்நிலங்களில் அளவு கணித்தல்

மின்கம்பி எட்டாத இடத்தில் ஒரு வீட்டுக்கோ சிற்றூருக்கோ வேண்டிய மின்சாரத்தைச் சோலார் பேனல், பேட்டரி, ஜெனரேட்டர் ஆகிய மூன்றையும் இணைத்துத் தரும் ஏற்பாடு தனித்த சூரிய மின்னமைப்பு ஆகும். வெப்பநாடுகளில் மாதத்துக்கு மாதம் வெயில் பெரிதாக மாறுவதில்லை. ஒரு நாளைய கணக்கைச் சற்றே கூட்டிக் குறைத்து ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். அலாஸ்கா, கனடாவின் யூக்கான், நார்வேயின் வடபகுதி போன்ற இடங்களில் அந்த வழி செல்லாது. அங்கே கோடையில் மின்சாரம் மிஞ்சும், குளிர்காலத்தில் அடியோடு வற்றும். எந்த மாதத்தைக் கணக்குக்கு அடிப்படையாகக் கொள்வது என்பதே முதல் கேள்வி.

யூக்கானின் தலைநகரான வைட்ஹார்ஸ் வடக்கு அட்சரேகை 60.7 பாகையில் இருக்கிறது. ஜூன் பிற்பாதியில் அங்கே பகல் 19 மணி நேரம். டிசம்பர் 21 அன்று ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 6 பாகை உயரமே எழும்பும். அந்த உயரத்தில் 10 மீட்டர் ஸ்புரூஸ் மரம் ஒன்றின் நிழல் ஏறத்தாழ 100 மீட்டர் நீளும். ஜூலையில் நிலம் பார்த்து, ‘இங்கே நிழலே இல்லை’ என்று பேனல் நட்டவருக்கு டிசம்பரில் ஒரு யூனிட்கூடத் தேறாமல் போவது இதனால்தான். தெற்கே உள்ள மரவரிசையும் மலைமுகடும் எத்தனை பாகை உயரம் என்று அளப்பது மற்றெல்லாக் கணக்குக்கும் முந்தியது.

வெயிலை ‘முழுவெயில் மணி’ என்ற அலகால் கணக்கிடுவர். ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் விழும் வெயில் ஒரு மணி நேரம் நீடித்தால் அது ஒரு முழுவெயில் மணி. மங்கிய வெயில் நாள் முழுவதும் அடித்தாலும் கூட்டிப் பார்க்கும்போது ஒரு மணிக்குள் அடங்கிவிடக்கூடும்.

தேவையைக் கணக்கிடும்போது வீட்டைச் சூடாக்கும் வேலையை மின்சாரத்திடம் விடுவதில்லை. அது விறகு அடுப்பு, எண்ணெய், புரொப்பேன் ஆகியவற்றின் பொறுப்பு. விளக்கு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் பம்பு, கணினி, செயற்கைக்கோள் இணையம் ஆகியவை மின்கணக்கில் வரும். பலர் விட்டுவிடுவது இன்வெர்ட்டர் தனக்கே தின்னும் மின்சாரத்தை. சும்மா இருக்கையில் 25 வாட் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 0.6 யூனிட் அங்கேயே தீரும். இணையக் கருவி 60 வாட் என்றால் இரவும் பகலும் ஓடி 1.4 யூனிட். இருட்டு நீள்வதால் விளக்குச் செலவும் குளிர்காலத்தில்தான் கூடும்.

எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று கொள்வோம். கம்பி, பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்புகள் போகக் கைக்கு வருவது முக்கால் பங்கு என்றால், பேனல்கள் 5.3 யூனிட் தரவேண்டும். டிசம்பரில் முழுவெயில் 0.7 மணி என்று வைத்தால் 7.6 கிலோவாட் பேனல் வேண்டும். ஜூனில் 5 மணி என்று வைத்தால் 1.1 கிலோவாட் போதும். ஒரே வீடு, ஒரே தேவை. விடை ஏழு மடங்கு வேறுபடுகிறது.

டிசம்பரை அடிப்படையாக்குவது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் செலவுக் கணக்கு அதை ஆதரிப்பதில்லை. 3 கிலோவாட் பேனலோடு நிறுத்திக்கொண்டால் டிசம்பரில் நாளுக்கு 1.6 யூனிட் கிடைக்கும், 2.4 யூனிட் குறையும். நவம்பர் முதல் ஜனவரி வரை 90 நாளும் இதே பற்றாக்குறை என்று கூட்டிப்பார்த்தாலும், சார்ஜ் இழப்புகள் உட்பட ஜெனரேட்டர் தரவேண்டியது 250 யூனிட்டுக்கு மேல் போகாது. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் யூனிட்டுக்கு அரை லிட்டர் குடித்தால் மொத்தம் 125 லிட்டர். இந்த எரிபொருளை மிச்சப்படுத்த இன்னும் 4.6 கிலோவாட் பேனல், அதைத் தாங்கும் சட்டம், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் எல்லாம் வாங்கவேண்டும். அவை கோடை முழுக்க வேலையின்றிக் கிடக்கும். அத்தனை வாங்கியும், மேகம் மூடிய வாரத்தில் ஜெனரேட்டரைத் தேடித்தான் போகவேண்டும். ஆகவே மார்ச், செப்டம்பர் மாதத் தேவைக்குச் சற்றுத் தாராளமாகப் பேனல் வைத்து, நடுக்குளிரை ஜெனரேட்டரிடம் விடுவதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். எரிபொருளை விமானத்திலோ பனிச்சறுக்கு வண்டியிலோ கொண்டுவரவேண்டிய இடத்தில் மட்டும் பேனலைக் கூட்டுவது கட்டுபடியாகலாம்.

பேனலைச் செங்குத்தாக, அல்லது அதற்குச் சற்றே குறைவாக நிறுத்துவது வடக்கின் வழக்கம். தாழ்ந்த சூரியனுக்கு அது நேர்முகம். பனியும் அதில் தங்காது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புவதால், தரையிலிருந்தும் பேனலுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். கோடையில் இந்தச் சாய்வால் இழப்பு உண்டு. கோடையில் மிஞ்சுவதால் அது உறைக்காது.

குளிர் பேனலுக்கு நல்லது, கன்ட்ரோலருக்கு ஆபத்து. வெப்பம் ஒரு செல்சியஸ் குறையும்தோறும் பேனலின் மின்னழுத்தம் சுமார் 0.3 விழுக்காடு ஏறும். பெயர்ப்பலகையில் அச்சிட்ட எண் 25 செல்சியஸுக்கானது. 42 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் 126 வோல்ட். 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்குள் தாராளமாக அடங்கும். மைனஸ் 40 செல்சியஸில் விடியும் தெளிந்த காலையில் அதே மூன்றும் 150 வோல்ட்டைத் தாண்டிவிடும். கன்ட்ரோலர் கருக அந்தச் சில நிமிடங்களே போதும். அந்த ஊரின் மிகக் கடுங்குளிரை வைத்தே தொடர் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கும்போது பேட்டரி இரண்டு மூன்று நாளைத் தாங்கினால் போதும். அதற்குமேல் வாங்குவது வீண். இரண்டரை நாளுக்கு 10 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம் என்பதால் 12.5 யூனிட் கொள்ளளவும், பாதிக்குமேல் இறக்கக்கூடாத ஈய-அமில வகையில் 20 யூனிட்டும் வேண்டும். இரண்டுக்கும் குளிரில் வெவ்வேறு பலவீனம். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். ஆகவே அதை வீட்டுக்குள், கதகதப்பான இடத்தில் வைப்பர். முழுதும் சார்ஜான ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 செல்சியஸிலும் உறையாது. வற்றிய பேட்டரியோ மைனஸ் 10க்குள் உறைந்து வெடிப்பு விடும்.

ஜெனரேட்டரின் அளவை வீட்டுச் சுமையை விட பேட்டரி சார்ஜரே தீர்மானிக்கிறது. எஞ்சின் தன் திறனில் முக்கால் பங்குச் சுமையில் ஓடும்போது எரிபொருளுக்கு நல்ல பலன் தரும். ஒற்றை விளக்குக்காக உறுமிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினில் கரிதான் சேரும். மேற்சொன்ன வீட்டுக்கு 3 கிலோவாட் சார்ஜரும் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரும் பொருந்தும். மூன்று மணி நேர ஓட்டத்தில் 9 யூனிட் ஏறும். டிசம்பரில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். ஈய-அமில பேட்டரியில் கடைசி 20 விழுக்காடு மெதுவாகவே ஏறும் என்பதால், ஜெனரேட்டரைக் காலையில் ஓட்டி நிறுத்திவிட்டு மீதியை வெயிலிடம் விடுவது பழகியவர்களின் உத்தி.

எரிபொருளும் குளிருக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கோடை டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். புரொப்பேன் மைனஸ் 42 செல்சியஸில்தான் கொதிக்கும். அதை நெருங்கும் குளிரில் உருளையிலிருந்து வாயு எழும்பாது. பெட்ரோல் எஞ்சினிலும் ஒரு தொல்லை உண்டு: எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் ஏறி எண்ணெய் சீல் வழியே பீய்ச்சியடிக்கும். இதற்காக ஜெனரேட்டரைக் காப்பிட்ட தனிக்கொட்டகையில் வைப்பர். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு என்பதால் அக்கொட்டகை வீட்டோடு ஒட்டியிருக்கக்கூடாது.

ஊர் அளவிலும் கணக்கு இப்படியே செல்கிறது. யூக்கானில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, சாலையே இல்லாத ஓல்டு குரோ என்னும் வுன்டுட் குவிச்சின் மக்களின் சிற்றூருக்கு டீசல் விமானத்தில் வந்து இறங்குகிறது. அங்கே 2021இல் இயங்கத் தொடங்கிய சூரிய நிலையம் 940 கிலோவாட். அதன் பேட்டரி 616 யூனிட், அதாவது நிலையம் முழு வீச்சில் தருவதில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சேமிப்பு. கோடைப் பகலில் டீசல் எஞ்சின்கள் நிற்கின்றன. சூரியன் எழாத குளிர்கால வாரங்களில் ஊர் மீண்டும் அவற்றின் சத்தத்தில் வாழ்கிறது.