பார்

பெயர்ச்சொல். 1. உலகம், நிலம். 2. வன்னிலம், பாறைநிலம். 3. (கடற்கரை வழக்கு) கடலடிப் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி விளையும் இடம்.

‘பாறை’க்கு உறவான சொல் இது, ‘காண்’ என்று பொருள்படும் வினைச்சொல் வேறு. தூத்துக்குடிக்கு எதிரே, மன்னார் வளைகுடாவில், தொளாயிரம் பார் பெயர்பெற்றது. இளஞ்சிப்பி தன் நூலிழைகளால் பற்றிக்கொள்ளக் கெட்டியான பிடிமானம் வேண்டும். வெறும் மணலில் அது நிலைக்காது.

சிலரைக் கேட்டுப் பலரைக் கணிப்பது இன்று சமூகத்தை ஆராய்வோரின் வேலை. அதற்கு நெருங்கிய ஒன்று பார்களில் எப்போதோ நடந்திருக்கிறது. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கும் முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளுக்கு விலை மதித்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். ஆனால் பார் பானையல்ல; சிப்பி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் அருகியும் கிடக்கும். மணல் மூடினாலோ திருக்கை மேய்ந்தாலோ கணிப்பு பொய்த்துவிடும்.

1961-க்குப் பின் தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. மீன் கூடும் கடலடித் திட்டுகளை மீனவர்கள் இன்றும் ‘பார்’ என்றே சொல்கிறார்கள்.