உழைப்புக்கு ஒரு சைக்கிள்

அறுப்பு மெஷின் வர்றதுக்கு முன்னாடி எங்க களத்துல கூலியை நெல்லாத்தான் அளப்போம். எத்தனை மரக்கால் என்பதில் சண்டை வராது. எந்தக் குவியலிலிருந்து அளப்பது என்பதில்தான் வரும். நல்ல மணியா, பதரும் தூசுமா? அமெரிக்காவின் பொதுச் சைக்கிள் பட்டறைகளைப் பற்றிப் படித்தபோது, அங்கேயும் இதே வழக்குதான் என்று தெரிந்தது.

கதை 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குது. புரோவோ என்ற இளைஞர் கூட்டம் சைக்கிள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இறங்கிய இடத்தில் விட்டுவிடலாம். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடக்கூடாது என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போச்சு. 1994-ல் போர்ட்லாந்திலும் 1997-ல் ஆஸ்டினிலும் மஞ்சள் அடித்து விட்டுப் பார்த்தாங்க. திருட்டுப் போனது பாதி, உடைஞ்சது பாதி. சும்மா கிடைத்ததைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்டின்காரங்க பிறகு பட்டறைப் பக்கம் திரும்பினாங்க: ஸ்பேனர் எங்களுது, கை உன்னுது, வந்து கத்துக்கோ.

பாஸ்டனில் அதற்கு முன்பே 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' இருந்தது. போரில் சிக்கியிருந்த நிகரகுவாவுக்குப் பழைய சைக்கிள் அனுப்ப 1984-ல் உருவான இயக்கம் அது. பின்னாளில் பிள்ளைகளுக்கு ரிப்பேர் சொல்லிக்கொடுத்து, உழைத்த பிள்ளைக்கே சைக்கிள் தரும் வழக்கம் அங்கே வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குடியிருப்பின் சமையலறையில் ஆரம்பித்த பட்டறைக்கு 'பைசிக்கிள் கிச்சன்' என்றே பெயர்.

இப்படிப்பட்ட பட்டறைகளில் கணக்கு எளிது. ஜனங்க பழைய சைக்கிளைத் தானமாகத் தருவாங்க. வேலைக்கு வருகிறவர் அதைப் பிரிப்பார், டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவார். உழைத்த நேரம் நோட்டில் ஏறும். அந்த நேரத்துக்கு ஈடாகப் பழைய சாமானோ, ஒரு சைக்கிளோ கிடைக்கும். துருப்பிடித்த பெடலுக்கு யாரும் சண்டை போடுவதில்லை.

ஒருநாள் இறந்துபோன அப்பாவின் ரேஸ் சைக்கிளை மகன் கொண்டுவந்து தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இத்தாலியின் கேம்பக்னோலோ கியர், இங்கிலாந்தின் புரூக்ஸ் தோல் சீட்டு. அதன் விலை தெரிந்தவர் யார்? பல வருஷம் உழைத்த பழைய கைதான். "என் கணக்குல நாப்பது மணி நேரம் இருக்கு, இதை எடுத்துக்கறேன்" என்பார். அவர் கேட்பது தப்பில்லை. ஆனால் நேற்று வந்த பையனுக்கு அது வெறும் இரும்பு. இப்படியே போனால் ஊருக்கு வந்த தானம் விவரம் தெரிந்தவங்க வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அதனால் பல பட்டறைகள் விதி வைத்துக்கொண்டன. மணிக்கணக்கு சாதாரண சாமானுக்கு மட்டும். விலை உயர்ந்தது பூட்டிய அலமாரிக்குப் போகும்; சந்தை விலைக்கு விற்று, வாடகையும் புது டியூபும் பிரேக் கட்டையும் வாங்குவாங்க. பிரித்தவரே தனக்கு விலை போட்டுக்கொள்ளக் கூடாது. தர்ம ஸ்தாபனத்தின் சொத்து உள்ளே இருப்பவர்களுக்கு லாபமாகக் கூடாது என்று அமெரிக்க வரிச் சட்டமும் சொல்லுது.

இதில் பழைய கைக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். சில இடங்களில் அவருக்கு விலையில் தள்ளுபடி தருவாங்க. அதுவும் நியாயம்தான்.

எங்க அப்பா தூற்றின நெல்லை எல்லாம் ஒரே பொலியாக் கூட்டின பிறகுதான் மரக்காலைத் தொடவிடுவார். எங்களுக்கும் அதிலேர்ந்துதான், அறுத்தவங்களுக்கும் அதிலேர்ந்துதான்.